பிள்ளைக்குக் கணக்கைக் காட்டுங்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு வங்கிக் கிளையில் பல வருடம் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கும் வீடுகளோடு பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எந்தக் கல்லூரி நல்லது, எதைப் படித்தால் வேலை என்று நான் பேசப் போவதில்லை, காசைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முடிந்தால் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஏற்காட்டிலிருந்து ஒரு பையன் அப்பாவோடு வந்தான். அப்பாவுக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்ததில் இரண்டு பேர் சட்டையும் மழையில் நனைந்திருந்தது, சான்றிதழ்களை மட்டும் ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் நனையாமல் சுற்றி வைத்திருந்தார்கள். பொறியியல் சீட், முதல் பட்டதாரிச் சலுகை போக வருடத்துக்கு ஒரு லட்சம் வேண்டும். கையெழுத்துப் போடப் போகும்போது பையன் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கேட்டான். "ஏனுங்க சார், என் பேரு முதல்ல போட்டிருக்குதுங்க? கடன் எங்கப்பாவுதுதானுங்களே?"

"நீ போடு கண்ணு, அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

கல்விக் கடனில் கடன் வாங்குபவர் மாணவர்தான், பெற்றோர் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போடுபவர். நான்கு லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை, படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணையும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளே ஓட ஆரம்பித்துவிடும். இதை நிறைய வீடுகளில் யாரும் பிள்ளைக்குச் சொல்வதே இல்லை. நான் பேனாவை வாங்கி வைத்துவிட்டு ஒரு செலான் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முதல் வருடம் 10,000, அடுத்தது 20,000, அப்புறம் 30,000, நாலாம் வருடம் 40,000, வேலை தேடுகிற வருடத்துக்கு இன்னொரு 40,000. ஆக நான்கு லட்சம் ஐந்து லட்சத்து நாற்பதாயிரமாக நிற்கும். பத்து வருடத்தில் அடைக்கிறதென்றால் மாதம் ஏழாயிரத்துச் சொச்சம்.

பயந்துவிட்டானோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அவனோ அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஹாஸ்டல்ல சேராம அஸ்தம்பட்டில மாமா வீட்டுல தங்கிப் போனா எவ்வளவுங்க குறையும்?" என்றான். போட்டுப் பார்த்தோம், வருடத்துக்கு அறுபதாயிரம் வாங்கினால் போதும், தவணை நாலாயிரத்து முந்நூறு போல வந்தது. அப்புறம்தான் வட்டி மானியத்தைச் சொன்னேன். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்படிப்புப் படித்தால், தவணை தொடங்கும் வரை ஓடுகிற வட்டியை மத்திய அரசே கட்டும். இப்போது கல்லூரிக்கு நாக் அல்லது என்பிஏ தரச்சான்றும் இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய வருமானச் சான்று அந்தப் பையில் இல்லை. அடுத்த வாரம் அந்தப் பையனே தாலுகா அலுவலகம் போய் வாங்கிக்கொண்டு தனியாக வந்தான்.

கடனுக்கு முன்னால் திருப்பித் தர வேண்டாத பணம் என்னென்ன என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று அரசுத் திட்டங்கள் உண்டு, மாதம் 1,000 ரூபாய். சேர்வராயன் மலையில் இருக்கிற மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் தனி உதவித்தொகை உண்டு, சாதிச் சான்றைக் கடைசி நேரத்தில் தேடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கல்லூரி பீஸைச் சேரும்போதே கேட்கும், உதவித்தொகை மெதுவாகத்தான் வங்கிக் கணக்கில் ஏறும், அதுவும் ஆதார் இணைத்த கணக்காக இருந்தால்தான். அந்த இடைவெளியில்தான் நம் ஊரில் நகையும் கொலுசும் அடகுக் கடைக்குப் போகின்றன, தெரியாதவரிடம் மீட்டர் வட்டிக்கும் வாங்குகிறார்கள். முதல் தவணை பீஸ் கையிலிருந்து போகும் என்று ஏப்ரலிலேயே எழுதி வைத்துக்கொண்டால் இந்த அவசரம் வராது.

அடுத்தவர் பிள்ளைக்குச் செலான் பின்னால் கணக்குப் போட்ட நான், என் மகளிடம் சம்பளத்தைச் சொல்ல முதலில் தயங்கினேன். பிள்ளைக்கு ஏன் இந்தப் பாரம் என்று நினைத்தேன், அது தப்பு. ஒருநாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மளிகைக் கணக்கு நோட்டையே எடுத்துவைத்து, என் சம்பளம், வீட்டுக் கடன், பாட்டி மருந்து எல்லாம் எழுதி, அவள் கேட்ட கோயம்புத்தூர்க் கல்லூரியின் பீஸையும் கீழே எழுதினேன். அவள் முகம் வாடவில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து, "மெஸ் பில்லை விட்டுட்டீங்களேப்பா, தீபாவளி, பொங்கலுக்கு வந்து போற பஸ் காசும் இல்லை" என்று சொல்லி இரண்டு வரி அவளே சேர்த்தாள். கூட்டினோம், மறுபடியும் கூட்டினோம். அதற்குப் பிறகு சேலத்திலேயே உள்ள கல்லூரிகளின் பீஸையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொன்னது அவள்தான்.

வணக்கம்.