நீட்டியது தோழன் கை, சரி. அந்தக் கையில் கொடுத்தது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"இளைஞர்களைப் புகையின் பக்கம் அதிகம் இழுப்பது வீடா, நட்பா, விற்பனையா?" இதுதான் தலைப்பு. விற்பனையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அம்மையார், பெற்றோர் புகைக்கும் வீட்டில் பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் வர வாய்ப்பு அதிகம் என்றார். மறுக்கவில்லை. முதல் சிகரெட்டை நீட்டுவது பெரும்பாலும் தோழன் கைதான் என்றார் அடுத்து வந்த நண்பர். அதுவும் உண்மை. மனச்சோர்வும் பதற்றமும் உள்ள பிள்ளைகள் எளிதில் விழுகிறார்கள் என்பதை நானே சேர்த்துத் தருகிறேன். எதிரணிக்கு இவ்வளவு உதவிய பேச்சாளரை நடுவர் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்!

ஆனால் ஒரு கணக்குக்கு அவர்கள் விடை சொல்லட்டும். அமெரிக்க அரசு ஆண்டுதோறும் மாணவர்களிடம் புகைப்பழக்கம் பற்றிக் கணக்கெடுத்து வந்திருக்கிறது. கடந்த 30 நாள்களில் இ-சிகரெட், அதாவது திரவத்தை ஆவியாக்கித் தரும் மின்கருவி, இழுத்ததாகச் சொன்ன உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 2017இல் 11.7 சதவீதம். 2018இல் 20.8. 2019இல் 27.5. இரண்டே ஆண்டுகள்! அதற்குள் அந்த நாட்டு அப்பாக்கள் எல்லோரும் கெட்டுப்போனார்களா? தோழர்கள் இரு மடங்கு தீயவர்களாகிவிட்டார்களா? வீடு அதே வீடு, நட்பு அதே நட்பு. மாறியது சந்தைக்கு வந்த சரக்கு.

2015இல் வந்தது ஜூல் என்ற இ-சிகரெட். பார்த்தால் பென் டிரைவ். மேசைமேல் கிடந்தாலும் ஆசிரியருக்குச் சந்தேகம் வராது. அதைவிட முக்கியம் உள்ளே இருந்தது. புகையிலையில் ஆளை அடிமைப்படுத்தும் பொருளான நிக்கோட்டின் இயல்பிலேயே தொண்டையைக் கீறும். புதிதாக இழுப்பவன் இருமுவான், கண் கலங்குவான், பலர் அதோடு விட்டுவிடுவார்கள். அந்த இருமல்தான் உடம்பு வைத்திருந்த காவல்காரன். ஜூல் அதில் பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து நிக்கோட்டின் உப்பாக மாற்றியது, கீறல் தணிந்தது. காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்தாயிற்று. மாம்பழச் சுவையும் சேர்த்தாயிற்று. கருவியில் செருகும் ஒரு திரவக் குப்பியில் இருந்த நிக்கோட்டினோ, ஏறத்தாழ ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு இணை.

இழுப்பவனுக்கு வயது பதினைந்து. முடிவெடுக்கும் மூளைப்பகுதி முழுதாக வளர ஏறத்தாழ 25 வயதாகும். அதுவரை மூளை எதையும் ஆழமாகக் கற்றுக்கொள்ளும், அடிமைத்தனத்தையும் சேர்த்து. 'இளமையில் கல்' என்பதன் பொருள் நம்மைவிட வியாபாரிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

2019 இறுதியில் ஜூல் பழச்சுவைகளை நிறுத்தியது. 2020 தொடக்கத்தில் அரசும் சுவையூட்டிய குப்பிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. மெந்தால் என்ற குளிர்ச்சிச் சுவையையும், பயன்படுத்திவிட்டுத் தூக்கியெறியும் கருவிகளையும் விட்டுவிட்டது. விளைவு? இ-சிகரெட் இழுக்கும் உயர்நிலை மாணவர்களில் தூக்கியெறியும் கருவியை நாடியவர்கள் 2019இல் 2.4 சதவீதம், 2020இல் 26.5. மொத்த எண்ணிக்கை அந்த ஆண்டு குறைந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். குறைந்ததுகூட எப்போது? சரக்கில் கை வைத்தபோதுதானே! நண்பர்களை மாற்றியதால் அல்லவே!

"அதெல்லாம் புதுக் கருவியின் கதை, பழைய சிகரெட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. சொல்கிறேன். கேமல் சிகரெட்டுக்கு 'ஜோ கேமல்' என்று ஓர் ஒட்டகக் கேலிச்சித்திரம் விளம்பரம் செய்தது. 1991இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆறு வயதுக் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் அந்த ஒட்டகத்தைச் சிகரெட்டோடு சரியாகப் பொருத்தினார்கள். மிக்கி மவுஸை அறிந்திருந்த அளவுக்கு அதையும் அறிந்திருந்தார்கள். பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 1997இல்தான் ஒட்டகம் ஓய்வு பெற்றது.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்த ஆறு வயதுக் குழந்தைக்கு ஒட்டகத்தை அறிமுகம் செய்துவைத்த கெட்ட தோழன் யார்?