ஆட்டுத் தலையா, மீன் வாலா?

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியோர்களே, பொங்கலையும் சாப்பிட்டுவிட்டு மணலில் வந்து உட்கார்ந்திருக்கும் குளச்சல் மக்களே, வணக்கம்.

இன்றைக்குச் சூரியன் மகரத்துக்குள் வரும் நாள். மேலே ஆடு, கீழே மீன் என்று படம் போடுகிற ராசி அது. அதனால் தலைப்பு, ‘மகர ராசிக்குப் பெருமை ஆட்டுத் தலையாலா, மீன் வாலாலா?’ தலைக்குப் பேசிய நம்ம அண்ணன், “மலை ஏறும் ஆடுதான் உழைப்பு. மீன் வாலை எங்க வீட்டில் பூனைக்குப் போடுவோம்” என்றார். ஒரே கைதட்டல்! தட்டியதில் பாதிப்பேர் மீன் பிடிக்கிறவங்க. அதுதான் எனக்கு வருத்தம்.

அண்ணனுக்கு ஊர் பேச்சிப்பாறைப் பக்கம். அந்தப் பக்கத்தில் இருந்துதான் எங்க பெரியம்மா வீட்டுக்கும் ஒரு மருமகன் வந்தார். ரப்பர் தோட்டத்துக்காரர். முதல் விருந்துக்கு நெய்மீன் குழம்பு. புது மாப்பிள்ளை அல்லவா, மரியாதைக்குத் தலையைத் தூக்கி இலையில் வைத்தார்கள். மாப்பிள்ளை தலையைப் பார்த்தார். தலை மாப்பிள்ளையைப் பார்த்தது. “அத்தை, இது என்னையே முறைக்குது” என்றார். தலை போச்சு. நடுத்துண்டு வந்தது. “முள் இருக்குமோ?” என்றார். அதுவும் போச்சு. கடைசியில் பூனைக்கு ஒதுக்கிய வால் துண்டைப் பயந்து பயந்து வைத்தார்கள். மாப்பிள்ளை பேசவே இல்லை. இலையை வழித்துவிட்டுச் சொன்னார்: “அத்தை, அடுத்த தடவை ரெண்டு வால் உள்ள மீனாப் பார்த்து வாங்குங்க!”

நடுவர் சிரிக்கவில்லை. அவருக்காக மறுபடியும் சொல்கிறேன்: ரெண்டு வால் உள்ள மீன்! அன்றைக்கு இருந்து அவருக்கு ஊரில் ‘வால் மாப்பிள்ளை’ என்றே பெயர். பேரன் பேத்தி எடுத்தாச்சு, பெயர் மாறவில்லை. பாவம், பூனைதான் அன்றைக்குப் பட்டினி.

சரி, புராணத்துக்கு வருகிறேன், இல்லையென்றால் மார்க் போய்விடும். கிரேக்கக் கதையில் பான் என்று ஆட்டுக்கால் தெய்வம் ஒன்று. டைஃபோன் என்ற பூதத்துக்குப் பயந்து நைல் நதியில் குதித்தது. தண்ணீருக்குள் போன பாதி மீனானது, மேலே நின்ற பாதி ஆடாகவே இருந்தது. அண்ணே, பயந்து ஓடியது உங்க ஆடு. காப்பாற்றியது எங்க வால். அதற்கும் முந்திய பாபிலோனில் ஆட்டுமீன் யாருடைய அடையாளம்? ஈயா என்ற நீர்த்தெய்வத்தின் அடையாளம்.

நம்ம பக்கம் பாருங்க. மகரம் என்கிற புராண நீர்விலங்கு வருணனுக்கு வாகனம், கங்கைக்கு வாகனம், மன்மதனுக்குக் கொடி. தென்திருப்பேரைப் பெருமாளுக்கு மகர நெடுங்குழைக்காதர் என்றே திருநாமம். எங்கேயாவது ஆடு உண்டா? பழைய சோதிட நூல் எழுதிய வராகமிகிரர் மகரத்துக்கு மான் முகம் சொல்கிறார். மானுக்குக்கூட இடம் கிடைத்தது, ஆட்டுக்குக் கிடைக்கவில்லை! 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி. அங்கே ஓடிய கொல்லம் ஆண்டுக் கணக்கில் இந்தத் தை மாதத்தின் பெயரே மகரம்தான்.

அண்ணன் உழைப்பு என்றார். மலை ஏறுகிறவன் மட்டும்தான் உழைக்கிறானா? பான் உயிருக்குப் பயந்து தண்ணீரில் இறங்கினான். நம்ம பிள்ளைகள் அடுப்பு எரியணும் என்று இறங்குகிறார்கள். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கடலுக்குப் போனவர்களில் எத்தனை பேர் வரவில்லை! அந்த ராத்திரி முழுக்க இதே கடற்கரை ஊர்களில் பெற்றவர்கள் நின்றார்கள். மகனுக்கு என்ன ராசி, என்ன நட்சத்திரம் என்று யார் கேட்டார்கள்? “வள்ளம் தெரியுதா, வள்ளம் தெரியுதா” என்றுதான் கேட்டார்கள். அவர்களில் ஒரு தாய் இப்போது இந்தக் கூட்டத்தில் இருந்தால், அவளிடம் போய் ஆடுதான் உழைப்பு என்று சொல்லிவிட்டு வருவீர்களா அண்ணே?

நடுவர் அவர்களே, அவர் பதில் சொல்லட்டும், அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்க. மணி அடிக்க வேண்டாம், நான் உட்கார்ந்துவிட்டேன்.