வானம் பொய்ச்சதா, சர்க்கார் பொய்ச்சதா?

நடுவர் ஐயா, இந்தக் குளிர்லயும் குல்லா சால்வையோட வந்து உக்காந்திருக்கிற குன்னூர் ஜனங்களே, எல்லாருக்கும் வணக்கம். வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சத்துக்குப் பெரிய காரணம் வானமா சர்க்காராங்கிறதுதான் தலைப்பு, எதிரணி அண்ணன் எல் நினோன்னு, அதான் பசிபிக் கடல் சூடாகி நம்ம மழையைக் கெடுக்குமே அதுல ஆரம்பிச்சு பசிபிக் கடல் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துட்டாரு, நல்லாத்தான் பேசினாரு, நானே கை தட்டினேன்.

மழை பொய்ச்சதை நான் இல்லைங்கலை. 1876ல வடகிழக்குப் பருவமழை ஏமாத்திடுச்சு, அடுத்த வருஷம் தென்மேற்கும் சரியா வரல, தாது வருஷப் பஞ்சம்னு நம்ம பாட்டிமாருங்க சொன்னது அதைத்தான். தென்னிந்தியா முழுக்க செத்தவங்க குறைஞ்ச கணக்குக்கே 50 லட்சத்துக்கு மேல. சரி, மழை இல்லாட்டி பயிர் சாகும், ஒத்துக்கறேன். மனுஷன் ஏன்ணே சாகணும்? அதுக்குப் பதில் சொல்லாமலே மைக்கைக் குடுத்துட்டுப் போயிட்டீங்களே!

மூணு வருஷம் முன்னாடி போவோம். 1873-74ல பீகார்லயும் மழை பொய்ச்சது. அங்க நிவாரணத்தைப் பாத்துக்கிட்டவர் சர் ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு அதிகாரி. பர்மாவுல இருந்து லட்சக்கணக்கான டன் அரிசியைக் கப்பல்ல இறக்கி, வேலை குடுத்து, முடியாதவங்களுக்குச் சும்மாவே சோறு போட்டு, சாவு ரொம்பக் குறைவுங்க. விருது குடுத்திருக்கணும்ல? திட்டுனாங்க! இவ்வளவு காசை ஏன்யா வாரி இறைச்சேன்னு லண்டன் வரைக்கும் திட்டு. அந்த மனுஷன் பாடம் நல்லாவே கத்துக்கிட்டாரு, 1877 ஜனவரியில வைஸ்ராய் லிட்டன் அதே டெம்பிளை மெட்ராசுக்கு அனுப்பினப்ப அவரு செஞ்ச வேலை செலவைக் குறைக்கறதுதான். ஆளு அதே ஆளு, மழை ரெண்டு எடத்துலயும் இல்ல. மாறினது அப்பத்திய தலைநகர் கல்கத்தாவுல இருந்து வந்த உத்தரவு மட்டும்தான்.

அந்த உத்தரவு எப்படி இருக்கும்னு காட்டத்தான் ஒரு பொட்டலம் கொண்டாந்தேன், ஐயா இதைக் கொஞ்சம் கையில வாங்கிப் பாருங்க. 450 கிராம் அரிசி, கடையில எடை போட்டு வாங்கினது. ஒரு பவுண்டு. ஒரு ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான், கூட ஒரு அணா, பருப்பு உப்பு மிளகாய் விறகு எல்லாம் அந்த அணாவுக்குள்ள. வீட்ல சும்மா உக்காந்திருக்கறவனுக்கு இல்லைங்க, வெயில்ல கல்லு உடைச்சு மண்ணு சுமக்கறவனுக்கு. அந்த வேலையும் சொந்த ஊர்ல கிடைக்காது, பக்கத்துலயே குடுத்தா சோம்பேறியெல்லாம் வந்துருவானாம், அதனால தூரமா நடந்து போனாத்தான் வேலை. மெட்ராஸ் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், அவரும் வெள்ளைக்காரர்தான், இது பத்தாது, ஒன்றரை பவுண்டாவது வேணும், பருப்பும் காயும் வேணும்னு எழுதி எழுதிச் சண்டை போட்டாரு. சில மாசம் கழிச்சுத்தான் அளவைக் கூட்டினாங்க, அதுக்குள்ள எத்தனை பேர் போய்ச் சேந்தாங்களோ.

தானியமே இல்லைன்னா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. 1877 பிப்ரவரியில மெட்ராஸ் பீச்சில எடுத்த போட்டோ இருக்கு, மூட்டையா அடுக்கி மலை மாதிரி நிக்குது தானியம். உள்ள வந்ததோ வெளிய போறதோ விடுங்க, இருந்துச்சா இல்லையா? மேட்டுப்பாளையத்துக்கு 1873லயே ரயில் வந்தாச்சு, ஆனா எங்க விலை கிடைக்குமோ அங்கதானே மூட்டை போகும். அந்தப் பஞ்ச வருஷத்துலதான் இந்தியாவுல இருந்து இங்கிலாந்துக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல கோதுமை போச்சு. அது வடநாட்டுக் கோதுமைன்னு அண்ணன் எந்திரிக்கறாரு, உக்காருங்கண்ணே, வரி வாங்கறப்ப மட்டும் வடக்கும் தெக்கும் ஒரே சர்க்கார்தானே?

இதுல நம்ம ஊட்டிக்கும் பங்கு இருக்கு. 1870ல இருந்தே மெட்ராஸ் சர்க்காருக்கு அதுதான் கோடை தலைநகர். ராஜ்பவன்னு சொல்லிட்டிருந்தோமே, அந்த பங்களாவைக் கட்ட வச்சது பஞ்ச காலத்து கவர்னர் பக்கிங்ஹாம் டியூக். ஆனா அவரை மட்டும் திட்டினா நியாயமில்ல, 1876 கடைசியில அவர் சர்க்கார்தான் சத்தமில்லாம 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு பண்ணுச்சு. அதுக்கும் மேலிடம் பாய்ஞ்சது, வியாபாரத்துல சர்க்கார் கை வைக்கக் கூடாதாம். 1877 ஜனவரி 1ந்தேதி விக்டோரியாவைப் பேரரசின்னு அறிவிக்க டெல்லியில தர்பார் வச்சு விருந்து போட்டப்ப அவரையும் அங்க வரச் சொல்லிட்டாங்க, இங்க ஜனம் சாகுது, அங்க பந்தி.

எஸ்டேட்காரங்கதான் பஞ்சத்துல சோறு போட்டாங்கன்னு எதிரணி அக்கா சொன்னாங்க. அக்கா, இந்தக் கூட்டத்துலயே சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பம் எத்தனைன்னு கேளுங்க. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் வந்து டேன்டீயில, அதான் தமிழ்நாடு சர்க்காரோட தேயிலைத் தோட்டத்துல, கொழுந்து பறிச்சவங்க. எல்லாரோட முன்னோரும் தாது வருஷத்துலயே போகலதான், ஆனா அந்த வருஷம் ஆள் புடிக்கிற கங்காணி பின்னாடி சிலோன் கண்டிச் சீமை காப்பித் தோட்டத்துக்குக் கூட்டம் கூட்டமா போனாங்க. ஊர்ல கஞ்சி கிடைச்சிருந்தா எவன் குழந்தையைத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் நடப்பான்? தோட்டக்காரன் சோறு போட்டான்னு சொல்லாதீங்க, மலிவா கூலி ஆள் கிடைச்சாங்கன்னு சொல்லுங்க.

வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் அணை கட்டலையான்னு கேட்டாங்க. கட்டினாரு, கையெடுத்துக் கும்பிடறேன், ரயிலுக்குக் கொட்டற காசைக் கால்வாய்க்குப் போடுங்கன்னு சர்க்கார்கிட்ட மல்லுக்கட்டினதும் அவர்தான், அப்ப அவரு எங்க அணி! அப்புறம் பஞ்சச் சட்டத்தொகுப்பு, பஞ்சம் வந்தா சர்க்கார் என்ன செய்யணும்ங்கிற விதிங்க. 1878ல கமிஷன் போட்டு, 1880ல அறிக்கை வாங்கி, அடுத்த சில வருஷத்துல எழுதி வச்சது உண்மை. 1943ல வங்காளத்துல ஏறத்தாழ 30 லட்சம் பேர் செத்தப்ப அந்தச் சட்டப்படி இது பஞ்சம்னு அறிவிக்கவே இல்லையே, அது எந்த வானத்தோட தப்பு?

பெல் அடிச்சாச்சு, முடிச்சுக்கறேன் ஐயா. அடுத்து வர்ற எதிரணித் தம்பி எல் நினோவை எவ்வளவு வேணாலும் பேசட்டும், முதல்ல அந்த பீகாருக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.