ஏரிக்கரை வீடும் எகிறும் வரியும்

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம்மில் பலர் கார் கம்பெனிகளை நம்பி டெட்ராய்ட் பக்கம் வந்தவர்கள். நோவை, டிராய், கேன்டன் என்று வீடு வாங்கி, கடனைப் பாதி அடைத்து, பிள்ளைகளையும் கல்லூரிக்கு அனுப்பியாயிற்று. அப்புறம் ஒரு ஆசை வரும். வடக்கே ஏதாவது ஒரு ஏரிக்கரையில் சின்னதாக ஒரு வீடு. தப்பே இல்லை. மிச்சிகனில் 11,000க்கும் மேற்பட்ட உள்நாட்டு ஏரிகள் இருக்கின்றன. டார்ச் லேக்கின் பச்சை கலந்த நீலத் தண்ணீரை ஒரு ஜூலை மாதத்தில் பார்த்துவிட்டு ஆசைப்படாமல் திரும்பியவர் யார்?

வீடு பார்க்கப் போகிறோம். விற்பவரின் வரி ரசீதைக் காட்டுகிறார்கள். வருடத்துக்கு 3,600 டாலர். 'இவ்வளவுதானா, சமாளித்துவிடலாம்' என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறோம். அங்கேதான் சறுக்குகிறோம். அந்த ரசீதில் இருப்பது விற்பவரின் வரி. நமக்கு வரப்போகிற ரசீது வேறு.

இது ஏன் என்று புரிய 1993க்குப் போக வேண்டும். அந்த வருடம் மார்ச் மாதம், டிராவர்ஸ் சிட்டிக்குக் கிழக்கே இருக்கும் கல்காஸ்காவில் பள்ளிக்கூடங்களை இழுத்து மூடினார்கள். கோடை விடுமுறைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. பள்ளிக்கான சொத்து வரியை உயர்த்த ஊர் மக்கள் வாக்களிக்க மறுத்துவிட்டார்கள், பணம் தீர்ந்துபோனது. நாடு முழுக்கச் செய்தியானது. அதே வருடம் கோடையில் மாநில சட்டமன்றம் பள்ளிகளை நடத்துவதற்கான உள்ளூர்ச் சொத்து வரியை அடியோடு ரத்து செய்தது. பதிலுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று முடிவு செய்யாமலே ரத்து செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை. அதற்கு விடையாக 1994 மார்ச் 15 அன்று 'ப்ரோபோசல் ஏ' என்ற திட்டம் வாக்கெடுப்புக்கு வந்து நிறைவேறியது. விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 6 ஆனது. வீட்டுக்காரர்களுக்கு ஒரு பாதுகாப்பும் கிடைத்தது: வரி போடும் மதிப்பு ஒரு வருடத்தில் பணவீக்க அளவுக்கு அல்லது 5 சதவீதத்துக்கு, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஏறக் கூடாது. அறை சேர்த்துக் கட்டினால் அது தனிக் கணக்கு.

அதனால் வருடா வருடம் நமக்கு வரும் மதிப்பீட்டு நோட்டீஸில் இரண்டு எண்கள் வருகின்றன. ஒன்று அசெஸ்டு வேல்யூ. சந்தை மதிப்பில் பாதி. இன்னொன்று டாக்ஸபிள் வேல்யூ. உச்சவரம்புக்குள் அடங்கி மெதுவாக ஏறுவது. வரி இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான். வீடு கை மாறினால், அடுத்த வருடம் உச்சவரம்பு கழன்றுவிடும். இரண்டாவது எண் ஒரே தாவில் முதல் எண்ணுக்குப் போய்விடும். வடக்கே இதை 'பாப்-அப் டாக்ஸ்' என்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் வசதிக்காக வைத்துக்கொண்டவை. வீட்டின் சந்தை விலை 6 லட்சம் டாலர். அசெஸ்டு வேல்யூ 3 லட்சம். விற்பவர் எண்பதுகளிலேயே வாங்கியவர் என்பதால் அவருடைய டாக்ஸபிள் வேல்யூ 90,000தான். வரி விகிதம் 40 மில், அதாவது ஆயிரம் டாலருக்கு 40 டாலர். அவர் கட்டியது 3,600. நீங்கள் கட்டப்போவது 12,000. வீடு அதே வீடு. கூரை ஒழுகினாலும் அதே ஒழுகல். மாறியது பத்திரத்தில் இருக்கும் தேதி ஒன்றுதான்.

அதனால் வாங்கும் முன் விற்பவரின் ரசீதை ஓரமாக வையுங்கள். கேட்கும் விலையில் பாதியை எடுத்து அந்த ஊரின் மில் விகிதத்தால் பெருக்குங்கள். நீங்கள் கொடுத்த விலையில் பாதியை அசெஸர், அதாவது சொத்து மதிப்பைக் கணக்கிடும் உள்ளூர் அதிகாரி, அப்படியே எழுதிவிடக் கூடாது, வட்டாரத்து விற்பனைகளைப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது விதி. இருந்தாலும் சுமார் கணக்குக்கு இது போதும்.

இந்த 40 மில்லுக்குள் இன்னொரு சங்கதி. நீங்கள் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி நடத்தும் செலவுக்கான வரி, 18 மில் வரைக்கும், விலக்கு. கோடை வீட்டுக்கு அந்த விலக்கு கிடையாது. லீலண்ட், க்ளென் லேக் போன்ற பள்ளி மாவட்டங்களில் இந்த 18 மில் பணமே பள்ளிக்குத் தேவைக்கு மேல் வந்துவிடுகிறது. மாநிலத்தின் மாணவர் தலைக்கட்டு உதவி அங்கே தேவைப்படுவதில்லை. வருடத்தில் ஆறு வாரம் வந்துபோகிறவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் உள்ளூரில் வரியைக் கூட்டலாமா என்று வாக்கெடுப்பு வந்தால் அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு குடியிருக்கும் ஊரில்தான். கோடை வீட்டுக்காரர்கள் புலம்புவதில் பாதி இதைப் பற்றியதுதான். எனக்கு அதில் பெரிய அனுதாபம் இல்லை. இரண்டாவது வீடு வாங்க முடிந்தவருக்கு இது ஒரு செலவு, அவ்வளவுதான்.

என் கவலை வேறு இடத்தில். உச்சவரம்பு இல்லாவிட்டால், நாற்பது வருடமாகக் கரையில் வாழும் ஓய்வூதியக்காரர் எப்போதோ விற்றுவிட்டுப் போயிருப்பார். அந்த வகையில் அது காப்பாற்றியது. அதே உச்சவரம்பு அவரைக் கட்டியும் போட்டுவிட்டது. படியேற முடியவில்லை, சின்ன வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கிறார். புது வீடு பாதி அளவுதான், வரியோ இரண்டு மடங்கு. அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். திருவல்லிக்கேணியில் பழைய வாடகையிலேயே குடியிருந்து, காலி பண்ண மனசில்லாத குடித்தனக்காரர்களைப் பார்த்திருப்பீர்களே, அதே நிலைமை. இங்கே சொந்த வீட்டுக்காரருக்கே. விற்பனைக்கு வீடு வருவது குறைகிறது, விலை ஏறுகிறது. புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியை, நர்ஸ், தச்சர் ஏறிய விலையைக் கொடுத்து, முழு மதிப்புக்கு வரியும் கட்ட வேண்டும். டவுன்ஷிப், அதாவது ஊர் நிர்வாகம், தீயணைப்பு வண்டிக்காக இன்னும் ஒரு மில் கேட்டால், அதன் பாரம் 90,000 மேல் உட்காருபவரை விட 3 லட்சத்தின் மேல் உட்காருபவருக்குத்தானே அதிகம்? வரியைப் பற்றி அதிகம் கத்துகிறவர்கள் பழைய வீட்டுக்காரர்கள். அதிகம் சுமப்பவர்கள் நேற்று வந்தவர்கள்.

பழையவர்கள் கத்தியதில் நியாயம் இருந்த காலமும் உண்டு. 2009இல் வீட்டு விலைகள் சரிந்துகொண்டிருந்தபோது டாக்ஸபிள் வேல்யூ 4.4 சதவீதம் ஏறியது. விலை இறங்குது, வரி ஏறுதே என்று எல்லோரும் கொதித்தார்கள். அது சட்டப்படி சரிதான். இரண்டு எண்களுக்கும் நடுவே இன்னும் இடைவெளி இருந்தது. 2023இலும் 2024இலும் கணக்கில் எடுத்த முந்தைய காலப் பணவீக்கம் 5ஐத் தாண்டியதால், முழு 5 சதவீதமும் ஏறியது.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். முன்பு அப்பா அம்மாவின் காலத்துக்குப் பிறகு ஏரி வீடு பிள்ளை கைக்கு வந்தாலே உச்சவரம்பு கழன்றுவிடும். வரி கட்ட முடியாமல் தாத்தா கட்டிய வீட்டை விற்ற குடும்பங்கள் உண்டு. 2013 டிசம்பர் 31இலிருந்து அது மாறத் தொடங்கியது, இப்போதைய விதி 2014 டிசம்பர் 31இலிருந்து. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், பேரப்பிள்ளைகள் என்று சட்டமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இவர்களுக்குப் போனால் பழைய மதிப்பே தொடரும். நம் ஆட்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். நாம் அண்ணன் தம்பி என்று சொல்லும் சித்தப்பா பையனும் பெரியப்பா பையனும் அந்தப் பட்டியலில் இல்லை. அக்கா மகன் இல்லை. பெயர் சொல்லி மருமகனுக்கு எழுதிவைத்தால் அதுவும் இல்லை. மகள் பெயரில் எழுதுங்கள்.

இன்னொரு நிபந்தனை: வீட்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வருடத்துக்கு 15 நாளைக்குக் குறைவாக வாடகைக்கு விட்டால் பரவாயில்லை. வரி கட்டத்தானே ஏர்பிஎன்பியில் விட்டேன் என்றால், அந்த வாடகையே சலுகையைக் காவு வாங்கிவிடும். வீடு கை மாறிய 45 நாளுக்குள் அசெஸருக்குப் படிவம் கொடுக்கவும் வேண்டும். சலுகை உண்டு என்பதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

வரி ரசீதில் மதிப்போடு சம்பந்தமில்லாத ஒரு வரியும் இருக்கலாம்: ஸ்பெஷல் அசெஸ்மென்ட். ஏரியில் களை எடுக்க, நீர்மட்டம் காக்க, சாக்கடை போட என்று போடுவார்கள். பெரும்பாலும் சின்னத் தொகை. ஆனால் 2020 மே 19 அன்று ஈடன்வில் அணை உடைந்தது. அடுத்து சான்ஃபோர்டு அணையும் போனது. விக்சம் லேக், சான்ஃபோர்டு லேக் இரண்டும் வடிந்துவிட்டன. படகுத்துறைகள் சேற்றில் நின்றன. ஈடன்வில் அணை தனியாருடையது, வெள்ளத்தைத் தாங்காது என்று 2018லேயே அதன் மின் உற்பத்தி உரிமத்தை மத்திய அரசு ரத்து செய்திருந்தது. இந்த இரண்டோடு அருகே இருக்கும் இன்னும் இரண்டு ஏரிகளையும் சேர்த்து, நான்கு ஏரிகளை மீட்க மாநிலம் 20 கோடி டாலர் ஒதுக்கியது. போதவில்லை. 2024இல் மேலும் 20 கோடிக்கு மேல் கரை வீட்டுக்காரர்கள் தலையில் போட்டார்கள். அந்தத் தொகையைச் செலுத்தி முடிக்க 40 வருடம் வரை ஆகும். ஏரிக்கு அருகே வீடு வாங்கியவர்கள் இப்போது ஏரியையே வாங்குகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் டவுன்ஷிப் அலுவலகத்தில் போய், இந்த மனைமேல் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் உண்டா, எத்தனை வருடம் பாக்கி, அணை யாருடையது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே வீடு உள்ளவர்களுக்கு ஒன்று. நோட்டீஸ் பிப்ரவரி, மார்ச்சில் வரும். மதிப்பு தவறென்று தோன்றினால் மார்ச் மாத போர்டு ஆஃப் ரிவ்யூவில், அதாவது மதிப்பீட்டு முறையீடுகளைக் கேட்கும் உள்ளூர்க் குழுவில், முறையிடுங்கள். அதை விட்டுவிட்டால் அந்த வருடம் மாநில வரித் தீர்ப்பாயமான டாக்ஸ் ட்ரிப்யூனலுக்குப் போக வழியில்லை. அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளின் விவரத்தைக் கையோடு கொண்டு போங்கள். ஆனால் முதலில் இரண்டு எண்களையும் பாருங்கள். முதல் எண் 3 லட்சம், இரண்டாவது 90,000 என்றால், முதல் எண்ணை 2.8 லட்சமாகக் குறைத்துவிட்டு வந்தாலும் வரியில் ஒரு காசு குறையாது. வாதாடிப் பயன் பெறுவது போன வருடமோ முந்தின வருடமோ வாங்கியவர்தான். அப்படிப்பட்டவர்கள் இங்கே இருந்தால் நோட்டீஸை எடுத்துக்கொண்டு முன்னால் வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.