பலகை எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். காலை பத்து மணிக்கு நாகர்கோவில் மீனாட்சிபுரத்துக்கோ கோட்டாறு கடைவீதிக்கோ ஸ்கூட்டரில் போய்ப் பழகியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. நினைத்த சாமான் கிடைக்கும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மாட்டுவண்டிக் காலத்துத் தெருக்கள் அவை. அதனால் அபராதமே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. நடுரோட்டில் காரை விட்டுவிட்டு மீன் வாங்கப் போகிறவருக்கு அபராதம் போடத்தான் வேண்டும். நான் கேட்பது ஒரே கேள்வி: ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்’ என்று சொல்லும் பலகை எங்கே?

நடந்ததைச் சொல்கிறேன். நம் மாவட்டத்து நகரம் ஒன்றில்தான் நடந்தது, பெயர் வேண்டாம். மைனியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார், அவசரமாக ஓர் ஊசிமருந்து. மருந்துக்கடை வாசலில் ஏழெட்டு ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. இருந்தும் நான் தலையைத் தூக்கி இருபக்கமும் பார்த்தேன், அது என் வழக்கம். தடைப்பலகை எதுவும் இல்லை. வண்டியை ஓரமாக விட்டுவிட்டு மருந்து வாங்கித் திரும்பினேன். மூன்றாம் நாள் கைப்பேசியில் செய்தி வருகிறது, ஐந்நூறு ரூபாய் அபராதம். படத்தில் என் வண்டி, நேரம் 11.10. மருந்துக்கடை பில்லிலோ 11.12. காசு கொடுக்க வரிசையில் நின்ற நேரத்தில் படம் எடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் அதே இடத்துக்குப் போனேன். விளக்குக் கம்பம் ஒன்றில் ஜவுளிக்கடைத் திறப்புவிழா பிளெக்ஸ் கட்டியிருந்தது. ஏதோ தோன்றியது, கீழ்மூலையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இருக்கிறது பலகை! நீல வட்டம், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, திருகாணி ஓரம் துருவேறி. பிளெக்ஸைக் கட்டிய கயிற்றை அந்தப் பலகையின் மேலேயே சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். பத்தடி தள்ளி நிழலில் நின்ற காவலரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சொன்னார்: “அண்ணாச்சி, பலகை பார்ப்பது என் வேலை இல்லை. படம் எடுப்பதுதான் என் வேலை.”

ஐந்நூறு ரூபாய் போனதைக்கூட மறந்துவிடுவேன். இந்தப் பதில் தொண்டையிலேயே நிற்கிறது.

சட்டத்தைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு, போக்குவரத்துப் பலகை வைக்கும் அதிகாரத்தைத் தருகிறது. 177-ஆம் பிரிவு பொதுவான அபராதத்தைச் சொல்கிறது. முன்பு முதல் தடவை 100 ரூபாய் வரை, அடுத்த தடவை 300 வரை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 500, 1500 என்று உயர்த்தியது. ஐந்து மடங்கு! நம் ஊரில் ஒரு கூலித் தொழிலாளியின் ஒருநாள் சம்பளத்தில் பெரும்பகுதி அது. தொகை அவ்வளவு ஏறியிருக்கும்போது, பலகையைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்கும் பொறுப்பும் ஏற வேண்டாமா? திரும்பவும் சொல்கிறேன், தெரிகிற மாதிரி. துணியால் மூடிய பலகையும் இல்லாத பலகையும் ஒன்றுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பலகை இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாத இடங்கள் உண்டு. பாலத்தின் மேல், நடைபாதையில், பஸ் நிற்கும் இடத்தில், பள்ளி, ஆஸ்பத்திரி வாசலை அடைத்துக்கொண்டு. அங்கே மாட்டினால் என்னிடம் வராதீர்கள்.

சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தின்போது ஊர்க்காவல் படைப் பையன் ஒருவனைப் பார்த்தேன். இருபது வயதுதான் இருக்கும், வெயிலில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. வருகிற ஒவ்வொரு வண்டிக்கும், “இங்கே வேண்டாம், அந்தத் தோப்பில் இடம் இருக்கிறது” என்று கை காட்டிக்கொண்டே இருந்தான். ஒருவர்கூட அவனோடு சண்டை போடவில்லை. இடம் காட்டினால் போதும், நம் ஆட்கள் கேட்பார்கள். அந்த மருந்துக்கடை வாசலில் நின்றவரும் இதே ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம், நிழலில் நின்றபடியே.

அந்தப் பிளெக்ஸ் பற்றி ஒரு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன், படத்தையும் பில்லையும் இணைத்து. இரண்டு வாரத்தில் பிளெக்ஸ் போய்விட்டது. அபராதம் அப்படியே நிற்கிறது.

குத்தகைக்கு விட்ட கட்டண வண்டி நிறுத்தங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சபரிமலை சீசனில் கன்னியாகுமரிக்கு வருகிற வெளியூர் வண்டிகளின் பாடு தனிக்கதை. ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். எனவே ஒன்று மட்டும். ரசீதில் தேதி, வண்டி எண், தொகை மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கட்டணப் பலகை எங்கே என்றும் கேளுங்கள், சத்தமாகவே கேளுங்கள். வணக்கம்.