எந்த மருந்து கேட்கும்? சான்றுகளை எடைபோடும் முறை

உதகை வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

ஒரு சிகிச்சை பயன் தருகிறதா இல்லையா என்பதை ஆராய்ச்சிச் சான்றுகளைக் கொண்டு எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். இது பெருநகர ஆய்வுக்கூடங்களின் விவகாரம் என்று நேயர்களுக்குத் தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்விக்கும் நம் மலைகளுக்கும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்பு உண்டு. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860-களில் சிங்கோனா மரங்கள் நடப்பட்டபோது, இங்கே செழித்து வளர்ந்த, சிவந்த மரப்பட்டை கொண்ட வகையில் காய்ச்சல் மருந்தான குயினைன் குறைவாகவும், அதனோடு சேர்ந்தே கிடைக்கும் சிங்கோனைன், சிங்கோனிடைன் போன்ற வேறு சத்துகள் மிகுதியாகவும் இருப்பது தெரியவந்தது. விலை மலிந்த இந்தச் சத்துகளும் காய்ச்சலை நிறுத்துமா, அல்லது அவற்றை வீணென்று ஒதுக்கிவிட வேண்டியதுதானா? இதை அறியச் சென்னை மாகாண அரசு 1866-இல் ஒரு குழுவை அமைத்தது. குயினைன், குயினிடைன், சிங்கோனைன், சிங்கோனிடைன் ஆகிய நான்கும் மலேரியாக் காய்ச்சல் கண்ட 2,472 பேருக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டன. மொத்தத்தில் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல் நின்றது. மலிவானவையும் குயினைனுக்குப் பெரிதும் பின்தங்கவில்லை.

இந்த 98 விழுக்காடு என்ற எண்ணைக் கேட்டதும் நம் மனம் நிறைந்துவிடுகிறது. சான்றுகளை மதிப்பிடப் பழகியவரோ அந்த எண்ணைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, எதோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் கேட்பார். மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டு வருவது. மருந்தே கொடுக்காவிட்டாலும் சில நாள்களில் தணிந்து, பிறகு திரும்ப வரக்கூடியது. மருந்து பெறாத ஒரு பிரிவினர் அந்தச் சோதனையில் இல்லை. ஆகவே, 98 விழுக்காட்டில் மருந்தின் பங்கு எவ்வளவு, காய்ச்சல் தானே தணிந்த பங்கு எவ்வளவு என்று அந்த அறிக்கையைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. எனினும் அந்தக் குழுவைக் குறைகூற மாட்டேன். குயினைன் காய்ச்சலைக் கேட்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. மலிவானது அதற்கு ஈடாகுமா என்பதுதான் அவர்கள் முன்னிருந்த கேள்வி. அந்தக் கேள்விக்குக் குயினைனோடு ஒப்பிடுவதே முறை. ஒப்பீடு சரியா தவறா என்பதைக் கேள்வியே தீர்மானிக்கிறது. ஆய்வுகளைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நிகழ்கின்றன என்பது என் கருத்து.

மலைக்காற்றே மருந்து என்று ஒரு காலத்தில் உலகமே நம்பியது. காசநோயாளர்களைக் குளிர்ந்த மலைப்பகுதி ஆரோக்கிய நிலையங்களில் மாதக்கணக்காகப் படுக்க வைத்தார்கள். போனவர்களில் பலர் தேறியதும் உண்மைதான். தேறியது காற்றாலா, ஓய்வாலா, உணவாலா, அல்லது அங்கே போய்த் தங்கும் வசதியும் உடல் வலுவும் உடையவர்களே போனதாலா என்பதை ஒப்பிட்டுப் பார்க்காமல் சொல்ல இயலாது. அந்த ஒப்பீட்டைச் சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் செய்து காட்டியது. நோயாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியம் எனப்படும் ஆரோக்கிய நிலையத்தில் சேர்த்தார்கள். மறுபிரிவினர் நெரிசல் மிகுந்த தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். மருந்து இரு பிரிவினருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. இருநூறுக்கும் குறைவான நோயாளர்களைக் கொண்ட ஆய்வில் இந்த ஆறு விழுக்காட்டு வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியதே. சானடோரியத்தாருக்கு உணவும் ஓய்வும் கூடுதலாகக் கிடைத்தபோதே இப்படி. வீட்டிலிருந்த நோயாளர்களால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவில்லை என்பதும் தெரிந்தது. 1959-இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மெல்ல மெல்ல வீட்டுக்கு வந்தது. இங்கே உயிரான செயல் குலுக்கல்தான். யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவரோ நோயாளரோ தேர்ந்தெடுத்திருந்தால், வசதியுள்ளவர் ஒருபுறமும் இல்லாதவர் மறுபுறமும் சேர்ந்து, ஒப்பீடே பொருளற்றுப் போயிருக்கும்.

இனி, நம் மாவட்டத்தோடு நெருங்கிய ஒரு நோயைக் கொண்டு சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். சிக்கிள் செல் நோய்க்கான மரபணு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 1952-இல் அந்தச் செய்தி வெளியானது. இரத்தச் சிவப்பணு அரிவாள் போல் வளைந்து, நுண்குழாய்களை அடைத்து, தாங்கமுடியாத வலியை உண்டாக்கும் நோய் இது. ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை வலி வரும் தடவைகளைக் குறைக்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்கு அடிப்படை, அமெரிக்காவிலும் கனடாவிலும் 299 பெரியவர்களிடம் நடத்தி 1995-இல் வெளியிட்ட சோதனை. மாத்திரை பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு நடுத்தரமாக 2.5 முறையும், மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 4.5 முறையும் கடும் வலி வந்தது. யாருக்கு எந்த மாத்திரை என்பது நோயாளருக்கும் தெரியாது, கவனித்த மருத்துவருக்கும் தெரியாது.

வெற்று மாத்திரை எதற்கு, முந்தைய ஆண்டு எத்தனை முறை வலி வந்தது என்று பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. முந்தைய ஆண்டில் மூன்று முறைக்குக் குறையாமல் வலி கண்டவர்களையே அந்தச் சோதனையில் சேர்த்தார்கள். ஒரு மோசமான ஆண்டைக் கடந்தவருக்கு, எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு சற்று நல்லதாக அமைவது இயல்பு. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் மருந்தைத் தேடுகிறார். பிறகு வலி தணிந்தால் மருந்துக்குப் புகழ் சேர்கிறது. ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கும் வழக்கத்துக்கும் இதே நிலைதான். பத்து நாளில் தானே போகிற தொல்லைக்கு எதைச் செய்தாலும் பலித்ததாகவே தோன்றும். ஆவி பிடித்தலைச் சோதித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், உறுதியான பயன் எதையும் காணவில்லை. நம் ஊரில் நீலகிரித் தைலத்தை விட்டு ஆவி பிடிப்பவர்களின் வருத்தத்துக்கு நான் ஆளாக நேரலாம்.

எண்ணைச் சொல்லும் விதத்திலும் ஒரு நுட்பம் உள்ளது. அந்த 1995-ஆம் ஆண்டுச் சோதனையின் முடிவை, வலி 44 விழுக்காடு குறைந்தது என்றும் சொல்லலாம். ஆண்டுக்கு இரண்டு முறை குறைந்தது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை வலி வருகிற நோயாளருக்கு 44 விழுக்காடு என்பது அரை முறைக்கும் குறைவு. மாதந்தோறும் இரத்தம் எடுத்துச் சோதித்து, பேருந்து பிடித்துக் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ வந்துபோகும் சிரமத்தையும் சேர்த்து எடைபோட வேண்டியவர் அவர். விழுக்காட்டை மட்டும் சொல்லும் செய்தி, முடிவெடுக்க வேண்டிய அந்த மனிதருக்கு உதவாது.

யாரிடம் சோதித்தார்கள் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. அமெரிக்க நோயாளர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வழி வந்தவர்கள். நம் நாட்டு நோயாளர்களிடம் பெரிதும் காணப்படுவது அரபு-இந்திய வகை எனப்படும் மரபுப் பின்னணி. கருவில் இருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபின் இவர்களிடம் வளர்ந்த பின்பும் கூடுதலாகவே இருக்கிறது. ஹைட்ராக்ஸியூரியா செய்யும் வேலையே அந்த ஹீமோகுளோபினைக் கூட்டுவதுதான். இயல்பிலேயே கூடுதலாக உள்ளவர்களுக்கு மருந்தால் எவ்வளவு கூடும், எந்த அளவு மருந்து போதும்? அமெரிக்கச் சோதனையில் உடல் தாங்கும் எல்லைவரை அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். நம் மருத்துவர்களில் பலர் குறைந்த அளவோடு நிறுத்துகிறார்கள். குறைந்த அளவே போதும் என்று இந்திய ஆய்வுகள் சில காட்டுகின்றன, ஆனால் அவை பெரும்பாலும் ஒப்பீட்டுப் பிரிவு இல்லாதவை. சற்று முன் சொன்ன மோசமான ஆண்டின் கணக்கு இங்கும் குறுக்கிடுகிறது. ஆப்பிரிக்காவில் எழுந்த ஐயம் வேறு: இந்த மருந்து மலேரியாவைக் கூட்டிவிடுமோ என்று அஞ்சினார்கள். அஞ்சியதோடு நிற்காமல், உகாண்டாவில் குழந்தைகளிடம் வெற்று மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். மலேரியா கூடவில்லை என்பது 2017-இல் வெளியானது. தங்கள் மக்களைப் பற்றிய ஐயத்தைத் தங்கள் மண்ணிலேயே தீர்த்துக்கொண்ட அந்தச் செயலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எதை அளந்தார்கள் என்ற கேள்விக்கும் இதே நோய் நல்ல எடுத்துக்காட்டு தருகிறது. வாக்ஸெலோட்டர் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2019-இல் விரைவு அனுமதி கிடைத்தது. உயர்ந்த அளவு பெற்றவர்களில் 51 விழுக்காட்டினருக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் உயர்ந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 7 விழுக்காட்டினருக்கே அப்படி உயர்ந்தது. ஆய்வுக்கூடத் தாளில் பார்த்தால் இதைவிடத் தெளிவான வெற்றி வேண்டியதில்லை. ஆனால் வலி வரும் தடவைகள் குறைந்ததாக அந்தச் சோதனை நிறுவவில்லை. பிந்தைய ஆய்வுகளில் வலி நெருக்கடிகளும் இறப்புகளும் மருந்து பெற்றவர்கள் பக்கம் கூடுதலாகத் தெரிந்ததால், 2024 செப்டம்பரில் நிறுவனமே அதை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. கிரிசன்லிசுமாப் என்ற ஊசியின் கதையும் ஏறத்தாழ இப்படித்தான்: 198 பேரிடம் நடந்த முதல் சோதனையில் வலி பாதியளவு குறைந்ததாகத் தெரிந்தது, அடுத்த பெரிய சோதனையில் அந்தப் பயன் காணப்படவில்லை, 2023-இல் ஐரோப்பாவில் அதன் அனுமதி நீக்கப்பட்டது. நோயாளருக்கு வலியும் ஆயுளும்தான் முக்கியம். அவற்றை விட்டுவிட்டு இரத்தப் பரிசோதனை எண்ணை மட்டும் அளந்த ஆய்வையும், ஒரே ஒரு சிறிய சோதனையின் பெரிய வெற்றியையும் நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

வெளிவராத ஆய்வுகளின் சிக்கல் இவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கிறது. மனச்சோர்வு மருந்துகள் பற்றி அமெரிக்க அரசின் மருந்துத் துறையிடம் பதிவான 74 ஆய்வுகளை எடுத்து, அவற்றில் எவை இதழ்களில் அச்சாயின என்று ஒரு குழு 2008-இல் கணக்கெடுத்தது. மருந்துக்குச் சாதகமான 38 ஆய்வுகளில் 37 வெளிவந்திருந்தன. சாதகமற்ற அல்லது ஐயத்துக்குரிய 36-இல் 22 வெளிவரவே இல்லை. 11 சாதகமானவை போல எழுதி வெளியிடப்பட்டிருந்தன. இதழ்களை மட்டும் படித்த மருத்துவர், பத்துக்கு ஒன்பது ஆய்வு மருந்தின் பக்கம் என்று நம்பியிருப்பார். உண்மையில் ஏறத்தாழ பாதிதான். இதற்காகவே சோதனை தொடங்கும் முன்பே அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதி வந்தது. இந்தியாவில் அதற்கான பதிவேடு 2007-இல் தொடங்கி, 2009 முதல் கட்டாயமாயிற்று. யார் வேண்டுமானாலும் இணையத்தில் அதைப் பார்க்கலாம்.

ஆய்வுகளைத் திரட்டிச் செய்யும் மீளாய்வின் வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது. உலகில் அந்தக் கேள்வி பற்றி நடந்த எல்லாச் சோதனைகளையும், வெளிவந்தவை வராதவை இரண்டையும் தேடி, எப்படித் தேடினோம் என்பதையும் எழுதிவைத்து, ஒவ்வொன்றிலும் குலுக்கல் நேர்மையாக நடந்ததா, பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்த பிறகே எண்களைச் சேர்க்க வேண்டும். இப்பணிக்கென்று 1993-இல் தொடங்கிய காக்ரேன் அமைப்புக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஒரு மையம் இருக்கிறது. சேர்த்தால் மட்டும் உண்மை வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். முற்றிய இலையைக் கொளுந்தோடு கலந்தால் தராசில் எடை ஏறும், தேயிலையின் தரம் ஏறாது. கொரோனாக் காலத்தில் ஐவர்மெக்டின் என்ற மருந்தைப் பற்றி வந்த மீளாய்வுகள் சில இப்படித்தான் ஏமாந்தன. அவற்றுக்குத் தூண்போல் நின்ற ஓர் ஆய்வறிக்கை நம்பத்தகாதது என்று 2021-இல் திரும்பப் பெறப்பட்டதும் கணக்கு மாறிப்போயிற்று. அதே காலத்தில் நம் நாட்டின் 39 மருத்துவமனைகள் சேர்ந்து, தேறியவர்களின் இரத்த நீரான பிளாஸ்மாவை 464 நோயாளர்களிடம் சோதித்து, நோய் முற்றுவதையோ இறப்பையோ அது குறைக்கவில்லை என்று காட்டியதை நினைவுகூர வேண்டும். ஊரெங்கும் பிளாஸ்மாவுக்கு அலைந்துகொண்டிருந்தபோது வந்த முடிவு அது.

பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்தது என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூடலூரிலோ பந்தலூரிலோ கோத்தகிரியிலோ ஒரு மருத்துவமனையின் சிக்கிள் செல் நோயாளர்கள் ஒரு சோதனைக்குப் போதமாட்டார்கள். வயநாடு, அட்டப்பாடி மருத்துவமனைகளும் கைகோத்து, எந்த அளவு மாத்திரை என்ற ஒரே கேள்வியை, ஒரே அளவுகோலால், குலுக்கல் முறையில் சோதித்தால், நம் மக்களைப் பற்றிய விடை நம் கைக்கு வரும். அப்போது மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களையும் நோயுள்ளவர்களையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. முன்னவர்களுக்குச் சிகிச்சையே தேவையில்லை, அவர்களைச் சேர்த்தால் எந்த மருந்தும் நன்றாக வேலை செய்வதாகத்தான் தெரியும். 2023-இல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் ஏழு கோடிப் பேருக்கு இரத்தப் பரிசோதனை செய்யத் திட்டமிட்டது. அதில் கண்டறியப்படும் நோயாளர்களைப் பட்டியலில் சேர்க்கும்போதே இத்தகைய சோதனைக்கும் அழைப்பது கடினமான காரியமன்று.

ஹைட்ராக்ஸியூரியா சாப்பிடுகிற நேயர்கள் யாராவது இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், அளவு பற்றி நான் எழுப்பிய ஐயத்தைக் கொண்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். வலியை அது குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. உங்களுக்கு எந்த அளவு என்பதை, இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவுசெய்வார். கடந்த ஆண்டு எத்தனை முறை வலி வந்தது, எத்தனை நாள் நீடித்தது என்று ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதிக்கொண்டு போனால், அந்த முடிவு அவருக்கு எளிதாகும்.

நன்றி, வணக்கம்.