நடுப்பகலுக்கு ஒரு ஹோட்டல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கினால் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் என் வீட்டுத் திண்ணைக்குத் திடீரென்று மதிப்பு ஏறிவிடும். பினாங்கிலும் லங்காவியிலும் கடற்கரை ஹோட்டல்களின் ரிசர்வேஷன் பிரிவில் 24 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் ஊரோடு வந்துவிட்டான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வருகிறவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் கைப்பேசியை நீட்டுவார். அதில் இரண்டு படங்கள். இரண்டிலும் நீலக் கடல், ஒரு பக்கமாகச் சாய்ந்த தென்னை, கடலோடு கலப்பதுபோல் ஒரு நீச்சல்குளம். "அண்ணே, பிள்ளைகளோடு போகிறோம். இதுவா, அதுவா?"

படத்தை நான் பார்ப்பதே இல்லை. அப்படிப்பட்ட படங்களை எடுக்கும்போது பக்கத்தில் நின்றவன் நான். விடிந்ததும் விடியாததுமாக, குளத்தில் யாரும் இறங்காதபடி காவல் போட்டுவிட்டு, ஏணிமேல் ஏறி எடுப்பார்கள். எனவே படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்பேன். எந்த மாதம் போகிறீர்கள்? பகல் ஒரு மணிக்கு உங்கள் அப்பத்தா எங்கே உட்காருவார்கள்?

முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவதைக் கேட்டதும், இவன் கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்ப்பார்கள்.

மாதத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நம் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை என்றால் மே மாதம். அதைவிட்டால் டிசம்பர் கடைசி. தொண்டிப் பக்கம் மீனவர்களைக் கேட்டால் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரித்து, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் கடல் பொங்கும் என்பார்கள். ஹோட்டல் தேர்வும் அந்தக் கணக்குத்தான். இலங்கையில் பெந்தோட்டை, இக்கடுவை, உனவட்டுன, மிரிச என்று மேற்கிலும் தெற்கிலும் இருக்கும் கடற்கரைகள் டிசம்பர் முதல் மார்ச் வரை குளம்போல் கிடக்கும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அதே கடல் ஆளை இழுக்கும். அப்போது கிழக்கே போக வேண்டும்: உப்புவெளி, நிலாவெளி, பாசிக்குடா. பாசிக்குடாவில் நெடுந்தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அதைவிட நல்ல கடலை நான் பார்த்ததில்லை. மலேசியாவிலும் இதே கதைதான். லங்காவி மேற்குப் பக்கம் இருப்பதால் டிசம்பருக்கு ஏற்றது. கிழக்கே இருக்கிற ரெடாங், பெர்ஹெந்தியன் தீவுகளிலோ நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்றுக்குப் பயந்து பெரும்பாலான விடுதிகளையே மூடிவிடுவார்கள். மே மாதத்துக்கு அவை நல்லவை.

இதையெல்லாம் இன்று நான் ஒப்பிப்பதற்குக் காரணம் ஒரு முறை பட்ட அவமானம். மலேசியக் காற்றை அறிந்தவனுக்கு இலங்கைக் காற்று தெரியாதா என்ற நினைப்பில், ஒரு மே மாதக் கடைசி வாரத்துக்கு இலங்கையின் தென்மேற்குக் கரையில் அறை போட்டேன். பாதி விலை. ஏன் பாதி விலை என்று யோசிக்க வேண்டியவன் நானே அல்லவா? மூன்று நாளும் கரையில் சிவப்புக் கொடி. சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கக்கூடாது; அதில் பேரம் கிடையாது. பிள்ளைகள் இருவரும் கண்ணாடிச் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு அலையைப் பார்த்தார்கள். "அப்பச்சி, இந்த வேலையைத்தானே நீங்கள் பினாங்கில் பார்க்கிறீர்கள்?" என்று என் மூத்த மகன் கேட்டான்.

இனி அந்த ஒரு மணிக் கேள்வி.

நிலநடுக்கோட்டுப் பக்கத்து வெயில் விளையாட்டில்லை. நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11-ஐத் தாண்டுவது அங்கே சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதற்கு மேலே ஒரு படி கிடையாது. மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. ஆகவே ஒரு குடும்பம் உண்மையில் கடலில் இருப்பது காலை ஒன்பதரை வரை, பிறகு மாலை நான்குக்கு மேல். நடுவில் ஆறு, ஆறரை மணி நேரம் ஹோட்டலுக்குள்தான். ஐந்து நாள் என்றால் முப்பது மணி நேரம். படத்தில் இருக்கும் கடலுக்குப் பணம் கட்டுகிறோம். வாங்கி வருவது அந்த முப்பது மணி நேரத்தை. அறைக்குள் ஏசியைப் போட்டு, திரையை இழுத்துவிட்டு, ஆளுக்கொரு கைப்பேசியோடு கிடப்பதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்றுதான் நினைப்பேன். காவிரிப்பூம்பட்டினத்துக் கடலை விட்டு வந்தவர்கள் நம் முன்னோர்கள் என்பதும், வெள்ளப் பயம் போகாமல்தான் இந்த வறண்ட பூமியிலும் வீட்டை அவ்வளவு உயரத் தூக்கிக் கட்டினார்கள் என்பதும் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கதை எப்படியோ, கட்டியவர்களுக்கு நடுப்பகலைத் தெரியும். திண்ணை, முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், வளவைச் சுற்றி நிழல், காலுக்குக் குளிர்ச்சியாக ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. சித்திரை வெயிலிலும் இரண்டாம் கட்டில் பாயைப் போட்டால் தூக்கம் வரும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள், தீவுக்குப் போனதும் கண்ணாடிப் பெட்டிபோல் ஒரு கட்டடத்தைப் பார்த்து மயங்குவதுதான் எனக்குப் புரிவதில்லை.

கடற்கரை ஹோட்டல் என்றால் வளவு இருக்கக்கூடாதா? இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் இறுதியில் பெந்தோட்டையில் கட்டிய ஹோட்டலின் நடுவே இருப்பது நீர்த்தடாகத்தோடு கூடிய ஒரு முற்றம். சுற்றிலும் நிழல் விழும் தாழ்வாரம். அவர் நமக்கு அந்நியரும் இல்லை. மதுரை கிளப்பை வடிவமைத்தவர் அவர்தான், கொழும்பில் அவர் வாழ்ந்த வீட்டில் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. அவருக்குப் பின்னால் அந்த வழியில் இலங்கையில் எத்தனையோ ஹோட்டல்கள் வந்துவிட்டன. தேடினால் கிடைக்கும்.

எப்படித் தேடுவது? இணைய வரைபடத்தில் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். மரங்கள் இருக்கின்றனவா, அல்லது புல்வெளியும் குட்டைப் பனைகளும் மட்டும்தானா? பிறகு திசையைப் பாருங்கள். மேற்குக் கரை ஹோட்டலில் கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே குளம் இருந்தால், பகல் இரண்டு மணியிலிருந்து பொழுது சாயும்வரை வெயில் நேரே குளத்திலும் அறைகளின் பால்கனியிலும் அடிக்கும். சூரிய அஸ்தமனம் அழகு என்று எழுதியிருப்பார்கள். அந்த அழகுக்கு முன்னால் நான்கு மணி நேரம் வேக வேண்டும். கிழக்குக் கரையில் இது தலைகீழ். மூன்று மணிக்கு மேல் கட்டடத்தின் நிழலே நீண்டு குளத்தின்மேல் விழுந்துவிடும், பிள்ளைகள் நிழலில் நீந்தலாம். இந்த ஒரு விஷயத்தை எந்த விளம்பரத்திலும் நான் படித்ததில்லை.

கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது பற்றியும் இதே காரணத்தால் எனக்கு இரண்டு மனம் இல்லை: வேண்டாம். வயதானவர்களுக்குத் தரைத்தளத்தில், தோட்டத்தைப் பார்த்த அறை, முன்னால் வராந்தா. விலையும் குறைவு. எங்கள் தொழிலில் 'சீ ஃபேசிங்' என்றால் அறை கடலைப் பார்த்திருக்கிறது என்று பொருள், இடையில் என்ன நிற்கிறது என்பது வேறு. 'பார்ஷியல் சீ வியூ' என்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும்.

கூட்டுக் குடும்பமாகப் போகிறவர்கள் நடுவில் கதவு வைத்த இரண்டு அறைகளைக் கேட்பார்கள், நல்ல யோசனை. ஆனால் முன்பதிவுப் படிவத்தில் 'சிறப்பு வேண்டுகோள்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் எழுதியதெல்லாம் வாக்குறுதி ஆகாது. அந்தக் கட்டத்தை மாலையில் அறைகளெல்லாம் நிரம்பிய பிறகு படித்த இரவுகள் எனக்கு நிறைய உண்டு. 'உறுதி' என்ற சொல்லோடு ஹோட்டலிலிருந்து மின்னஞ்சல் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் வயதையும் உள்ளபடி எழுதுங்கள். பல இடங்களில் 12 வயது முடிந்தால் பெரியவர் கட்டணம்தான்.

சாப்பாடு. எல்லாம் சேர்த்த கட்டணம், அதாவது 'ஆல் இன்க்லூசிவ்', மதுவைக் கணக்கில் வைத்துப் போட்ட விலை. குடிக்காத குடும்பம் அதை வாங்குவது அடுத்த மேசைக்காரருக்கு விருந்து வைப்பதுபோல. காலையும் இரவும் சேர்த்த 'ஹாஃப் போர்டு' போதும். மதியம் பழமும் பிஸ்கட்டும் யார் பெட்டியில் இல்லை? விலையைப் பார்க்கும்போது இலங்கையில் 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்ததா, சேராததா என்று பாருங்கள். சைவம் சாப்பிடும் பெரியவர்கள் வந்தால் இன்னொன்று. இலங்கையிலும் மாலத்தீவிலும் மாசிக்கருவாட்டைத் தூளாக்கித் தேங்காய்ச் சம்பலிலும் காய்கறியிலும்கூடப் போடுவது வழக்கம். மலேசியாவில் கீரையிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். "மீன் வேண்டாம்" என்று சொன்னால் மீன் துண்டு வராது, மாசி வரும். மாசி என்ற பெயரைச் சொல்லியே மறுக்க வேண்டும்.

மாலத்தீவைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. அங்கே ரிசார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ஹோட்டல். பிடிக்கவில்லை என்றால் வெளியே போய்ச் சாப்பிட ஒரு கடை இல்லை. தொலைவான தீவுகளுக்குக் கடல் விமானம், அது பகலில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலையில் இறங்கினால் அன்றைய இரவு மாலேயில்தான். தண்ணீர்மேல் நிற்கும் குடில்களைக் கல்யாணம் ஆன கையோடு போகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கும் மூட்டுவலிக்காரருக்கும் அந்த மரப்படிகள் ஆகாது.

என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, மூன்றாண்டு வேலைத் தவணைக்குப் பினாங்கு போனவர். எல்லோரும் ஒன்றாகத் தங்கித் தொழில் பார்க்கும் கிட்டங்கியில் ஒரு பெட்டியும் ஒரு பாயும்தான் அவருக்கு வாய்த்தவை. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஒரு நாள்கூடக் கால் நனைத்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் மருமகளான என் ஆத்தாவுக்குப் போன ஆண்டு 79 வயது. திருகோணமலையில் கோணேசர் கோவிலைக் கும்பிட வேண்டும் என்றார்கள். மே மாதம், கிழக்குக் கரை, காற்றும் ஒத்துவந்தது. கொழும்பு விமான நிலையத்திலிருந்து சாலையில் ஆறு மணி நேரப் பயணத்தை நடுவில் ஒரு இரவு தங்கி இரண்டாக்கிக்கொண்டோம்.

ஹோட்டல் மட்டும் முடிவாகவில்லை. என் மனைவிக்குப் பிடித்தது புதிதாகக் கட்டிய ஐந்து மாடி, மேல்தளத்தில் குளம். எனக்குப் பிடித்தது ஓடு வேய்ந்த ஒரு பழைய இடம். அதன் குளியலறைப் படம் பார்க்கச் சகிக்கவில்லை என்று அவர் சொன்னதும் நியாயம்தான். சண்டையை வளர்க்காமல் இரண்டு இடத்துக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பினோம்: "எங்களோடு 79 வயது அம்மா வருகிறார்கள். பகல் பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை, ஏசி இல்லாமல், காற்றாட அவர்கள் எங்கே உட்காரலாம்?"

புதிய இடத்திலிருந்து ஸ்பாவின் கட்டணப் பட்டியல் வந்தது. பழைய இடத்திலிருந்து மறுநாள் தமிழில் நான்கு வரி: "7-ஆம் எண் அறையின் முன் வராந்தாவில் சாய்வு நாற்காலி ஒன்று உண்டு. பக்கத்தில் வேப்பமரம். இன்று மதியம் போய்ப் பார்த்தேன், இரண்டு மணிவரை நிழல். பிறகு வெயில் காலடிக்கு வரும், நாற்காலியை இடப்பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். அம்மாவுக்குக் காலில் வலி என்றால் ஒரு முக்காலியும் போட்டு வைக்கிறேன்."

மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டு, 7-ஆம் எண் அறையையே எழுதிக் கேளுங்கள் என்றார். வணக்கம்.